கெத்துபாவைப் படிக்கும் வழி: முதலில் ஓவியத்தை மூடுங்கள்

கூடப் படித்த தோழி ஒருத்தி போன வருஷம் ஒரு படம் அனுப்பினாள். அவள் அம்மா வழியில் கைமாறி வந்த யூதத் திருமணப் பத்திரம், கெத்துபா. பதப்படுத்திய தோலில் கறுப்பு மையில் ஹீப்ரு எழுத்து. சுற்றிலும் இரண்டு தூண்கள், பூக்கொடி, மயில்கள். மேலே ஒரு கேடயச் சின்னம், கீழே கிணற்றடியில் ஓர் ஆணும் பெண்ணும். "இவர்கள் யார் என்று சொல்ல முடியுமா? கிணற்றடியில் இருப்பது ராகேல் பாட்டி என்று வீட்டில் சொல்லுவார்கள்" என்று எழுதியிருந்தாள். அவளுடையது இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து கிளம்பிய யூதக் குடும்பம்.

என் அப்பா பத்திர எழுத்தர். எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் முதலில் தேதி, அப்புறம் பெயர், அப்புறம் தொகை, கடைசியில் சாட்சி என்றுதான் அவர் கண் போகும். முத்திரையின் அழகை அவர் ரசித்து நான் பார்த்ததில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஹீப்ரு எழுத்துகளைக் கற்றுக்கொண்டு கெத்துபாக்களைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு உதவியது அந்தப் புத்திதான். கெத்துபா என்றால் 'எழுதப்பட்டது' என்றுதான் பொருள். அது வாழ்த்து மடல் இல்லை. கணவன் மனைவிக்கு எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரம். அவன் இறந்தாலோ விவாகரத்து செய்தாலோ அவளுக்கு இவ்வளவு சேர வேண்டும் என்ற உறுதி. பத்திரம் மனைவியின் சொத்து, அவள் பக்கத்தில்தான் இருக்கும். தலைமுறை தாண்டி அம்மா வழியில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே உங்கள் கையில் ஒன்று கிடைத்தால், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஓவியத்தை மறைத்துவிடுங்கள். நடுவில் உள்ள எழுத்து மட்டும் தெரியட்டும்.

அதற்கு நல்ல படம் வேண்டும். கண்ணாடிச் சட்டத்தோடு எடுத்தால் விளக்கு வெளிச்சம் பெயரின் மேல்தான் விழும், இதில் மட்டும் விதி தவறவே தவறாது. சட்டத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி எட்டுப் பத்துப் படங்கள் எடுங்கள். மடிப்புகளைத் தனியாக எடுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

எழுத்துகள் இருபத்திரண்டு, சொல்லின் கடைசியில் வடிவம் மாறுபவை ஐந்து. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் அடையாளம் தெரிந்துவிடும். மொழி பெரும்பாலும் அரமாயிக், அதே எழுத்தில் எழுதும், ஹீப்ருவுக்கு உறவான பழைய மொழி. பயப்பட வேண்டாம், பத்திரத்தில் முக்கால்வாசி எல்லா ஊரிலும் ஒரே வாசகம். அச்சிட்ட மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுங்கள். மாதிரியோடு ஒத்துப்போகிற இடத்தையெல்லாம் தாண்டிப் போகலாம். ஒத்துப்போகாத இடத்தில்தான் குடும்பம் இருக்கிறது.

முதல் வரி தேதி. வாரத்தின் எத்தனையாவது நாள், மாதத்தில் எத்தனையாவது நாள், உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எத்தனையாவது வருஷம் என்ற வரிசையில் வரும். ஞாயிறுதான் முதல் நாள், வெள்ளி ஆறாம் நாள். வருஷத்தைப் பெரும்பாலும் சொல்லாகவே எழுதியிருப்பார்கள். அதிலிருந்து 3760-ஐக் கழித்தால் நம் கணக்கு வரும். யூத வருஷம் இலையுதிர் காலத்தில் திஷ்ரி மாதத்தில் பிறப்பதால், திஷ்ரியிலிருந்து டிசம்பர் முடியும் வரையுள்ள தேதிக்கு மட்டும் 3761-ஐக் கழிக்க வேண்டும்.

தோழியின் பத்திரத்தில் நான் படித்தது: ஆறாம் நாள், எலூல் மாதம் 10, ஐயாயிரத்து ஐந்நூற்று அறுபது. அதாவது 1800. எலூல் வருஷத்தின் கடைசி மாதம், அதனால் கழித்தலில் குழப்பம் இல்லை. அவளுக்கு உடனே எழுதியும் போட்டேன். ராத்திரி படுக்கப் போகும்போதுதான் அப்பாவின் குரல் மாதிரி ஒன்று உறுத்தியது: கிழமையைச் சரிபார்த்தாயா? நாட்காட்டி மாற்றும் தளத்தில் போட்டுப் பார்த்தேன். 5560 எலூல் 10, 1800 ஆகஸ்ட் 31, ஞாயிறு. பத்திரம் சொல்வதோ வெள்ளி.

மறுநாள் அந்தச் சொல்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறுபது 'ஷிஷீம்', முப்பது 'ஷ்லோஷீம்'. எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு லாமெத், அதாவது 'ல' எழுத்து. ஹீப்ருவில் வரிக்கு மேலே தலையை நீட்டும் ஒரே எழுத்து லாமெத்தான். பத்திரத்தை நூறு வருஷத்துக்கு மேல் மடித்து வைத்திருக்கிறார்கள், மடிப்பு சரியாக அந்த எழுத்தின் மேல் ஓடியிருக்கிறது. மை உதிர்ந்து, 'ஷ' எழுத்தான ஷின் இரண்டுக்கு நடுவே ஓர் இடைவெளியும், மேலே மயிரிழை போல ஒரு கீற்றும் மட்டும் மிச்சம். ஆகவே 5530. அந்த வருஷத்து எலூல் 10, 1770 ஆகஸ்ட் 31. வெள்ளிக்கிழமை, கச்சிதமாகப் பொருந்தியது. முப்பது வருஷத்தை ஒரு மடிப்பு விழுங்கியிருந்தது. அன்றிலிருந்து கிழமை ஒத்துப்போகாமல் நான் ஒரு தேதியையும் யாருக்கும் சொல்வதில்லை.

கிழமை வேறு விதத்திலும் உதவும். யூதத் திருமணம் ஓய்வுநாளான சனிக்கிழமையில் நடக்காது, உங்கள் கணக்கு சனியில் போய் நின்றால் தப்பு உங்கள் மேல்தான். பஸ்கா பண்டிகைக்கும் வாரங்களின் பண்டிகைக்கும் இடைப்பட்ட நாட்களில் பெரும்பகுதியும், தம்மூஸ் 17 முதல் ஆப் 9 வரையுள்ள துக்க நாட்களும் திருமணத்துக்கு விலக்கு. இத்தாலியில் வெள்ளிக்கிழமை மேல் பலருக்குப் பிரியம், கல்யாண விருந்தும் வெள்ளி மாலையே தொடங்கும் ஓய்வுநாள் விருந்தும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது ஊர். பெயரோடு நிறுத்த மாட்டார்கள், எந்த நதிக்கரையில், எந்தக் கடலோரத்தில் என்றும் சேர்ப்பார்கள். லிவோர்னோ என்றால் 'கடற்கரையில் அமர்ந்திருக்கும் ஊர்'. பெயர் அழிந்திருந்தாலும் ஆற்றை வைத்து ஊரைப் பிடித்துவிடலாம்.

பெயர்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். மாப்பிள்ளை பெயர், அவன் அப்பா பெயர். பெண் பெயர், அவள் அப்பா பெயர். அம்மாக்களின் பெயரை வழக்கமாக எழுத மாட்டார்கள், அது ஒரு வருத்தம். ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செபர்தி யூதர்களின் பத்திரத்தில் குடும்பப் பெயரும் இருக்கும். ஜெர்மனி, போலந்து வழி வந்த அஷ்கெனாசிகளின் பத்திரத்தில் பெரும்பாலும் இருக்காது.

பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்கள் வரும். கடைசி எழுத்துக்கு முன்னால் மேலே இரண்டு சின்னக் கோடுகள் இருந்தால் அது சுருக்கம். புதியவர்கள் இதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் முதலில் தேடுவதே இதைத்தான். ஸயின்-லாமெத் என்றால் 'அவர் நினைவு ஆசீர்வாதமாக இருப்பதாக', அதாவது அந்த அப்பா அன்றைக்கு உயிரோடு இல்லை. யோத்-ட்சாதி-வாவ் என்றால் 'அவருடைய கன்மலை அவரைக் காத்து உயிரோடு வைப்பதாக', அதாவது இருக்கிறார். தோழியின் பத்திரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முதலாவது, பெண்ணின் அப்பாவுக்கு இரண்டாவது. 1770 ஆகஸ்ட் கடைசியில் ஒருவர் கல்லறையில், ஒருவர் பந்தலில். இறப்புப் பதிவேட்டை எங்கே தொடங்கித் தேடுவது என்ற கேள்விக்கு நான்கைந்து எழுத்தில் விடை.

காஃப்-ட்சாதி என்றால் 'கோஹென் ட்செதெக்', ஆசாரியர் வம்சம். ஸாமெக்-கிமெல்-லாமெத் என்றால் கோயிலில் ஆசாரியர்களுக்குத் துணை நின்ற லேவி வம்சம். நேராகவே 'ஹ-கோஹென்', 'ஹ-லேவி' என்றும் எழுதுவார்கள். பெண்ணின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் அவள் நிலையைச் சொல்லும். முதல் திருமணம் என்றால் 'பெதுல்தா', கைம்பெண் என்றால் 'அர்மல்தா', விவாகரத்தானவள் என்றால் 'மெதாரக்தா', மதம் மாறி வந்தவள் என்றால் 'கியோர்தா'. விவாகரத்தானவளையோ மதம் மாறி வந்தவளையோ கோஹென் மணக்கக் கூடாது என்பது சட்டம். இரண்டும் ஒரே பத்திரத்தில் தெரிந்தால் எதையோ தப்பாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ரேஷும் தாலெத்தும், பேத்தும் காஃபும், ஹேயும் ஹெத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், அங்கே பாருங்கள்.

பேரன் பெயரை வைத்து மேலே ஏறுவதில் ஒரு சூட்சுமம். செபர்திகள் தாத்தா உயிரோடு இருக்கும்போதே பேரனுக்கு அவர் பெயரை வைப்பார்கள், மூத்த பையனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர் என்பது பரவலான வழக்கம். அஷ்கெனாசிகள் உயிரோடு இருப்பவர் பெயரை வைக்க மாட்டார்கள். யாருடைய குடும்பம் என்று தெரியாமல் இந்த ஏணியில் கால் வைக்காதீர்கள்.

இனி தொகை. கன்னிப்பெண்ணுக்கு 200 ஸூஸ் என்ற பழைய வெள்ளிக் காசு, கைம்பெண்ணுக்கும் விவாகரத்தானவளுக்கும் 100. இது பழைய சட்டக் கணக்கு, எல்லாருக்கும் ஒன்றுதான், வசதியைச் சொல்லாது. அடுத்து வருவது சீதனம், 'நெதுன்யா'. அதன் மேல் மாப்பிள்ளை தன் பங்குக்கு ஏற்றுக்கொள்ளும் கூடுதல், 'தோஸெஃபெத்'. அஷ்கெனாசி பத்திரத்தில் இவை இரண்டும் பெரும்பாலும் மாறாத வாசகம்: நூறும் நூறுமாக, ஸெகுகிம் என்ற பழைய கணக்கில் வெள்ளி. பணக்கார வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் அதே இருநூறு. அதைப் பார்த்துக் குடும்பத்தின் செல்வத்தை அளக்கப் போனால் ஏமாந்துதான் வருவீர்கள். செபர்தி, இத்தாலியப் பத்திரங்களில் இருப்பதுதான் ஊர்க் காசில் எழுதிய உண்மையான தொகை. வெனிஸ் என்றால் டுகாட், ரோம் என்றால் ஸ்கூடி, லிவோர்னோ என்றால் பெஸ்ஸா. தோழியின் பாட்டிக்கு 1000 பெஸ்ஸா சீதனம், அதற்கு மேல் அதில் பாதி அளவு கூடுதல். ரொக்கம் எவ்வளவு, நகை எவ்வளவு, துணிமணி எவ்வளவு என்று பிரித்தும் எழுதியிருந்தார்கள். வாங்கிய சீதனத்துக்குக் கணவன்தான் பொறுப்பு. திருப்பித் தர வேண்டி வந்தால் அவன் சொத்திலிருந்து கொடுக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு நுணுக்கம்.

பொருள் பட்டியல் எழுதும் வழக்கம் ஓவியத்தைவிட எவ்வளவோ பழையது. எகிப்தில் நைல் நதியின் எலிஃபண்டைன் தீவில் இருந்த யூதக் குடியிருப்பில், கி.மு. 449-இல் அனனியா என்ற கோயில் ஊழியர் தமுத் என்ற அடிமைப் பெண்ணை மணந்தார். அந்த அரமாயிக் பாப்பிரஸ் இப்போது நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவள் கொண்டுவந்தது ஒரு கம்பளி ஆடை, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, கொஞ்சம் எண்ணெய். ஓர் அடிமைப் பெண்ணின் செருப்பு இரண்டாயிரத்து நானூறு வருஷம் கழித்தும் நமக்குத் தெரிகிறது என்றால், எழுதியவன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறான்.

தொகைக்குப் பிறகு ஷரத்துகள். முதல் மனைவியின் சம்மதம் இல்லாமல் இன்னொருத்தியைக் கட்டக் கூடாது, குழந்தை இல்லாமல் அவள் இறந்தால் சீதனத்தில் இவ்வளவு பிறந்த வீட்டுக்குத் திரும்பும், இப்படி. இரண்டாம் மனைவி பற்றிய ஷரத்து செபர்தி, கிழக்கத்தியப் பத்திரங்களில்தான் அதிகம். அஷ்கெனாசிகளுக்குத் தேவைப்படவில்லை. ஜெர்மனியின் பழைய மத அறிஞர் ரபி கெர்ஷோம் பெயரால் வழங்கும் பலதார மணத் தடை ஆயிரம் வருஷமாக அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஷரத்துகளைச் சிலர் பக்கத்துத் தூணுக்குள் தனியாக, வளைவெழுத்தில் எழுதுவார்கள். தூணுக்குள் எழுத்து இருந்தால் மூடிய தாளைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம்.

கடைசி வாசகம் 'எல்லாம் உறுதியானது, நிலையானது'. அதற்குச் சற்று முன்னால் பாருங்கள். வரிக்கு மேல் சேர்த்த சொல், சுரண்டி எழுதிய சொல் ஏதாவது இருந்தால் அதை அங்கே குறிப்பிட்டு ஒப்புக்கொண்டிருப்பார்கள். இதை முதன்முதலில் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று அப்பா பத்திரத்தின் அடியில் எழுதுவாரே, அதே புத்தி. அதன் கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, செபர்தி ஊர்களில் பல சமயம் மாப்பிள்ளையின் கையெழுத்தும். சாட்சிகள் மணமக்களுக்கு நெருங்கிய உறவாக இருக்கக் கூடாது. அதனால் சாட்சியைக் குடும்ப மரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்.

இன்னொரு கண்ணி. கெத்துபா இல்லாமல் தம்பதி சேர்ந்து வாழக் கூடாது என்பது சட்டம். ஆகவே தொலைந்தாலோ எரிந்தாலோ உடனே புதிதாக எழுத வேண்டும். அதற்கு 'இர்க்கெஸா' என்று பெயர், பழையது தொலைந்துபோன கதை வாசகத்திலேயே இருக்கும். அப்படிப்பட்ட பத்திரத்தின் தேதி கல்யாணத் தேதி ஆகாது. கல்யாணத்துக்கு நான்கு வருஷம் முன்பே பிள்ளை பிறந்திருக்கிறதே என்று யாரையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் இந்தச் சொல்லைத் தேடுங்கள்.

சரி, இப்போது தாளை எடுங்கள்.

ஓவியம் எங்கும் இருந்ததில்லை. கெய்ரோ கெனிஸாவில், அதாவது ஒரு யூத ஆலயத்தின் பழைய ஏட்டறையில், கிடைத்த சில துண்டுகளில் வண்ண அலங்காரம் உண்டு. ஐரோப்பாவில் பெரிதும் பேசப்படுவது ஆஸ்திரியாவின் கிரெம்ஸ் நகரில் 1391-92-இல் எழுதியது, அதில் மாப்பிள்ளை மோதிரம் நீட்டுகிறான். இப்போது வியன்னாவில் இருக்கிறது. அதன் பிறகு அஷ்கெனாசி உலகம் ஓவியத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. கொண்டாடியவர்கள் இத்தாலியர்கள், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில். கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டிப் படிப்பார்கள், போட்டி வராமல் இருக்குமா? அலங்காரச் செலவுக்கு உச்சவரம்பு போடும் அளவுக்குச் சில ஊர்ச் சபைகள் போக வேண்டியிருந்தது.

ஊரின் கை தெரியும். தோலின் கீழ் விளிம்பை அலை அலையாக வெட்டியிருந்தால் ரோமை நினையுங்கள். ராசிச் சின்னங்களும் எருசலேமும் சுற்றி வந்தால் வெனிஸை. காகிதத்தில் இரண்டு சிங்கங்கள் எதிரெதிரே நிற்க, முதுகுக்குப் பின்னால் முகம் வைத்த சூரியன் எழுந்தால் அது ஈரானின் இஸ்பஹான், பாரசீக அரசின் சின்னத்தை யூதர்கள் எடுத்துக்கொண்டது. அதே ஈரானில் மஷ்ஹத் நகரத்து யூதர்கள் 1839-இல் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டார்கள். அதன் பிறகு அங்கே ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பத்திரம்: வெளியே காட்ட இஸ்லாமிய முறைப்படி ஒன்று, உள்ளே ரகசியமாகக் கெத்துபா. அந்த வம்சத்தில் தேடுபவர்கள் இரண்டையும் தேட வேண்டும், பெயர்களும் இரண்டு இருக்கும்.

விவிலியக் காட்சிகள் பெரும்பாலும் பெயரைச் சுட்டும். மாப்பிள்ளை ஈசாக்கு என்றால் பலிபீடக் காட்சி, மொர்தெகாய் என்றால் குதிரை ஊர்வலம், தாவீது என்றால் யாழ். ஆனால் யாருடைய பெயர்? அங்கேதான் தோழியின் வீட்டில் சறுக்கியிருக்கிறார்கள். எழுத்தில் பெண்ணின் பெயர் எஸ்தர். மாப்பிள்ளைதான் யாக்கோபு. கிணற்றடிக் காட்சி அவனுக்காக வரைந்தது. விவிலியத்தில் யாக்கோபு ராகேலைச் சந்திப்பது கிணற்றடியில், அதனால் ராகேல் அவனோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். இல்லாத ராகேல் பாட்டியின் பெயரை அந்த வீட்டில் இரண்டு தலைமுறைப் பெண்களுக்கு வைத்திருக்கிறார்கள். சொன்னபோது தோழி கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அவளுடைய நடுப்பெயரும் அதுதான்.

சின்னத்தையும் எழுத்தோடு உரசிப் பார்த்தே நம்புங்கள். ஆசீர்வதிக்கும் இரண்டு கைகள் என்றால் கோஹென், கெண்டியும் தட்டும் என்றால் லேவி. பனைமரமும் இரண்டு சிங்கங்களும் ஃபோவா குடும்பம், அச்சகம் நடத்தியவர்கள் தங்கள் புத்தகங்களிலும் அதைப் போட்டார்கள். கேடயம் பாதி பாதியாகப் பிரிந்திருந்தால் இரண்டு வீட்டுச் சின்னமும் சேர்ந்திருக்கலாம். தோழியின் பத்திரத்தில் ஒரு பாதியில் சிங்கம், ஒரு பாதியில் கெண்டி. எழுத்தில் 'ஹ-லேவி' என்று இருப்பது எஸ்தரின் அப்பா, ஆகவே கெண்டி பெண் வீட்டுடையது. எழுத்தைப் படிக்காமல் இருந்தால் அதையும் மாப்பிள்ளை தலையில் கட்டியிருப்பேன்.

எல்லா ஓவியமும் அந்த ஜோடிக்காக வரைந்தது என்றும் நினைக்காதீர்கள். மாந்துவாவில் பிறந்த ஷாலோம் இதாலியா ஆம்ஸ்டர்டாமில் செப்புத்தகட்டில் செதுக்கிய விளிம்பை அச்சடித்து, நடுவில் எழுதிக்கொண்டார்கள். ஆயத்தமாக வரைந்த விளிம்பை வாங்கியவர்களும் உண்டு, பழைய பத்திரத்தின் எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு ஜோடிக்கு எழுதியதும் உண்டு. எழுத்துக்கடியில் தோல் சொரசொரப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படித்து முடித்ததும் தேதி, ஊர், நான்கு பெயர், தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எருசலேமிலுள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் ஊரையும் வருஷத்தையும் போட்டுத் தேடுங்கள். ஆயிரத்துக்கு மேல் கெத்துபாக்கள் படமாகவே இருக்கின்றன. நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரியிலும் பெரிய தொகுப்பு உண்டு. நான் தேடுவது அதே பத்திரத்தை இல்லை. அதே குடும்பப் பெயர், பத்து வருஷம் முன்பின். அக்காவோ தம்பியோ அகப்படுவார்கள். லிவோர்னோ இருக்கும் டஸ்கனியைச் சேர்ந்த குடும்பம் என்றால், 1808-இல் நெப்போலியனின் பிரான்சோடு அது இணைக்கப்பட்ட பிறகு வந்த சிவில் பதிவேடுகளையும் பாருங்கள். 1770-இல் கல்யாணம் ஆனவர்களின் பிள்ளைகள் அதில் வயதோடும் தொழிலோடும் வருவார்கள்.

பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டுநாடா போடாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். தோல் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். தோழியின் பத்திரத்தை எப்போதோ சட்டம் போட்டுக் கொடுத்தவர் முழுத் தோலையும் பசை தடவிப் பலகையில் ஒட்டிவிட்டார். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சீதனம் பெற்றுக்கொண்ட குறிப்போ, எஸ்தருக்குப் பிறகு யாரிடம் போனது என்ற குறிப்போ அங்கேதான் எழுதுவார்கள். இப்போது தோல் ஆவணம் பராமரிக்கும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறாள், பலகையை விரல் விரலாகப் பிரிக்கிறார். போன வாரம் வரை ஒரு மூலை வந்திருக்கிறது. அதில் இத்தாலிய மொழியில் ஒரு தேதி, அதற்கப்புறம் 'பெற்றுக்கொண்டேன்' என்ற ஒரு சொல். மிச்சம் இன்னும் பசைக்கு அடியில்.